பாசிக்குக் கட்டிய கம்பி

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேட்ரன் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால், தம் நாற்காலியில், மேட்ரன் ஞானமணி அம்மாள். அவருக்கு வலப்பக்கம், ஃபேனுக்கு நேர் கீழே, ஆபீஸ் மேனேஜர் ஆதிநாராயணன். மடியில் அட்டை, அட்டை மேல் காகிதம். ஜன்னலோரத்து ஸ்டூலில் எலெக்ட்ரீஷியன் ஏசுரத்தினம். வாசற்படிக்கு உட்புறம் தரையில் குந்தியிருந்தவள் வார்டு பெருக்குகிற கங்கம்மாள். கிருபாபாயை மட்டும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவள் மருந்து அலமாரியை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். குழந்தைகள் வார்டில் அவள் ஆறு வருஷமாக ஆயா வேலை பார்ப்பவள், ஏசுரத்தினத்தின் மனைவி. மேசை மேல் ஒரு எனாமல் தட்டில், ஈரத்துணி போர்த்தி, பதினோரு தங்கமீன்கள் கிடந்தன.

சித்தூர் மிஷன் ஆசுபத்திரிக்கு அந்தக் கண்ணாடித் தொட்டி வந்தது எழுபத்தாறாம் வருஷத்து ஜனவரியில். ஊசி என்றதும் அலறுகிற பிள்ளைகள் மீனைப் பார்த்தால் வாயை மூடும் என்று டாக்டரம்மா மெட்ராஸிலிருந்து வரவழைத்தார். அவர் சொன்னபடியே மூடவும் செய்தன. மொத்தம் பதினாலு மீன், அடி மணலில் கொடிகொடியாக வேலம்பாசி. ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தன. ஜூலையில் டாக்டரம்மா ஒரு மாதப் பயிற்சிக்கென்று வேலூருக்குப் போனார். போனது திங்கட்கிழமை, புதன்கிழமை காலையில் பதினோரு மீன் வயிறு மேலாக மிதந்தன.

“தொட்டிலோ எவரு சேயி பெட்டினாரு?” என்றார் மேனேஜர், தொட்டிக்குள் யார் கை வைத்தது என்று. அவருக்குத் தமிழ் புரியும். விசாரணை என்று வந்தால் தெலுங்குதான் வரும்.

“கிருபா கை உட்டத நான் பாத்தேன் சார்” என்றாள் கங்கம்மாள். “செவ்வாக்கெழம காலைல. பினாயில் பக்கெட்டு அவ காலாண்டயே கீது.”

“பாசி ஒரு கொத்து கட்டு நழுவி மேல வந்துகினு இருந்திச்சி. அத்த அடில சொருவுனேன்” என்றாள் கிருபாபாய். “கைய சோப்பு போட்டு கழுவிட்டுதான் சொருவுனேன்.”

“கழுவினதை யாராவது பார்த்தாங்களா?” என்று மேட்ரன் கேட்டார்.

“கை கழுவறத யாரும்மா நின்னு பாப்பாங்க?”

கங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேட்ரன் பார்த்த பார்வையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மேனேஜர் ஏசுரத்தினத்தின் பக்கம் திரும்பினார். தொட்டிக்குக் காற்று ஊதுகிற சின்ன மோட்டார் இவர் பொறுப்பு. டாக்டரம்மா ஊருக்குக் கிளம்பும் முன் இவரைக் கூப்பிட்டு, மீன் மணலைக் கிளறிக் கிளறிப் பாசியெல்லாம் மிதக்கிறது, ஏதாவது செய்யுங்கள் ரத்தினம் என்று சொல்லிவிட்டுப் போனது எல்லோருக்கும் தெரியும்.

“நுவ்வேம் சேசினாவு ரத்னம்?” என்றார், நீ என்ன செய்தாய் என்று.

“தீகெலு கட்டினானு சார், பைகி தேலகுண்டா.”

மேலே மிதந்து வராதபடி கட்டினேன் என்று அர்த்தம். மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டு இங்கிலீஷில் ஒரு வார்த்தை எழுதினார். ஸ்டூலிலிருந்து ஏசுரத்தினத்துக்கு அது தெரிந்தது. கொடிகள் என்பதற்கான வார்த்தை. அவர் அதைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

முடிவு சீக்கிரமே ஆகிவிட்டது. மாதக் கடைசியில் பர்மனெண்ட் ஆகிறவர்களின் பட்டியல் போகவேண்டும். அதில் நாலு பேர். மூன்றாவது பேர் கிருபாபாய். அவள் பெயரை மட்டும் நிறுத்தி வைப்பது. மூன்று நாளுக்குள் அவள் டாக்டரம்மாவுக்கு எழுத்தில் ஜவாபு அனுப்ப வேண்டும். டாக்டரம்மா வேலூரிலிருந்து என்ன எழுதுகிறாரோ அதன்படி பட்டியலில் பெயர் இருக்கும், அல்லது இருக்காது. இல்லாவிட்டால் ஆறு வருஷத்து வேலைக்கு ஒரு நாள் காலை, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொன்னாலும் கேட்க நாதியில்லை.

“உயிரோட கீற மூணையும் நீயே வூட்டுக்கு எடுத்துக்கினு போ” என்றார் மேட்ரன், கோபத்தில் ஆசுபத்திரித் தமிழ் நழுவி ஊர்த் தமிழ் வந்துவிட்டது. “அதுவும் செத்தா அதுக்கும் நீதான் பதில் சொல்லணும்.”

கிருபாபாய் மூன்று மீனையும் ஒரு பேசினில் எடுத்துக்கொண்டாள். வெயிலுக்கு நிழலாக இருக்கட்டும் என்று தொட்டியிலிருந்து ஏழெட்டுப் பாசிக் கட்டுகளையும் அலசி அதில் போட்டுக்கொண்டாள்.

வண்ணார் கொட்டகைக்குப் பின்னால் வரிசை வீடுகள். அதில் கடைசி வீடு அவர்களுடையது. மழைத் தண்ணீர் பீப்பாயிலிருந்து பேசினை நிரப்பி, சமையலறை ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். மத்தியானம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். ஏசுரத்தினம் பேசினைப் பார்த்தபடியே களியை உருட்டினார்.

“இன்னா பாக்கறீங்க? துன்னுங்க. தங்கமீனு செத்தா விசாரண. நெத்திலிக்கு யாரு கேக்கறா?”

“சிரிக்கிற.”

“அழுதா பட்டியல்ல பேரு ஏறுமா?”

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஏசுரத்தினம் காகிதம் எடுத்தார். அந்த வரிசையில் லீவு லெட்டர், பாதிரியாருக்கு மனு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பதில், எல்லாம் அவர் கையால்தான். வலது மூலையில் தேதி, இடது ஓரத்தில் அனுப்புநர், பெறுநர், நடுவில் பொருள், அதற்குக் கீழே ஒன்று இரண்டு என்று எண் போட்ட பத்திகள். எட்டாம் வகுப்பு வரை படித்த மிஷன் பள்ளியில் கற்றுக்கொடுத்த முறை. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு கமா மாறியதில்லை. எழுதி முடித்து உரக்கப் படித்தார்.

“தெரிந்தோ தெரியாமலோ என்னால் நடந்துவிட்ட தவறைத் தாங்கள் தாயுள்ளத்தோடு மன்னித்து...”

“நிறுத்துங்க. தெரிஞ்சோன்னா இன்னா, தெரியாமன்னா இன்னா? நான் செய்யல.”

“அது ஒரு மொற, கிருபா. அப்டி எழுதினாதான் பெரியவங்களுக்கு மனசு எறங்கும்.”

“உங்க மொறயில என் பேருதான் போவுது. செஞ்சேன்னு எழுதிட்டு அப்பறம் மன்னிக்கச் சொல்றதா?”

“செய்யலன்னு எழுதினா வேற யாரு செஞ்சதுன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டுமே.”

அவர் காகிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். இன்னும் இரண்டு நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது கிருபாபாய் கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போய்ப் பார்த்தார். பேசினில் இரண்டு மீன் செத்து மிதந்தன. மூன்றாவது, ஓரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“இந்த வூட்ல பினாயில் கீதா?” என்றாள்.

“இல்ல.”

“நேத்துலேர்ந்து நான் கை உட்டேனா?”

“தெரியல.”

“உடல. ஈ உழுந்தா கூட எடுக்கல. அடில பாருங்க.”

பாசியோடு வந்த நத்தைகள், எப்போதும் பேசின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறுகிறவை, அடியில் சுருண்டு கிடந்தன. ஏசுரத்தினம் குந்தி உட்கார்ந்து ஒரு பாசிக் கட்டை வெளியே எடுத்தார். கட்டமஞ்சி ஏரியிலிருந்து கொண்டுவந்த வேலம்பாசி. ஒவ்வொரு கொத்தின் அடியிலும் நாலு சுற்றுச் செம்புக் கம்பி, அவர் முறுக்கியது. எரிந்துபோன பம்ப் மோட்டாரிலிருந்து உருவிய வைண்டிங் கம்பி. கம்பியின் கனத்துக்குப் பாசி அசையாமல் மணலில் நின்றது. அவருக்கே அது பிடித்திருந்தது. வைண்டிங் கம்பிக்கு வார்னிஷ் பூச்சு உண்டு. மீனுக்கு வார்னிஷ் ஆகாது என்று, முப்பத்திரண்டு துண்டையும் நெருப்பில் காட்டி, உப்புத்தாளால் தேய்த்து, புதுக் காசு மாதிரி மினுக்கிய பிறகுதான் கட்டினார். அதற்கு ஒரு சனிக்கிழமை முழுதும் ஆயிற்று. இப்போது முறுக்கின இடுக்கில் லேசாகப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

அந்தப் பச்சையை அவர் ஸ்விட்ச் போர்டுகளில் நிறையப் பார்த்திருக்கிறார்.

அவர் கடைசி மீனைத் தனியாக ஒரு குண்டானில், புது மழைத்தண்ணீரில் விட்டார். பிறகு சேந்துகிணற்றுக்குப் போனார். கொசுப்புழுவைத் தின்ன மலேரியாக்காரர்கள் விட்டிருந்த பொடிமீன் அதில் ஏராளம். எட்டு மீனை வடிகட்டிக்கொண்டு வந்தார். இரண்டு ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, நாலு நாலாக விட்டு, ஒன்றில் நாலு துண்டுக் கம்பியைப் போட்டார். இன்னொன்றில் ஒன்றும் போடவில்லை. கம்பி போட்டதன் மூடியில் சாக்கட்டியால் ஒரு கோடு.

“இன்னா செய்றீங்க?”

“டெஸ்ட்டு.”

“எதுக்கு? லெட்டர்ல எழுதினது தெரிஞ்சோவா, தெரியாமலோவான்னு பாக்கவா?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று எக்ஸ்ரே அறையில் ஒரு ஒயர் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு முறை சரிபார்த்தார், மூன்றாம் முறையும் பார்த்தார். போன வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் ஃப்யூஸ் போய், பாதியில் விளக்கணைந்ததற்கு அவருக்கு ஒரு மெமோ கொடுத்திருந்தார்கள். இரண்டாவது மெமோ வந்தால் வேலை போகும் என்று அதிலேயே எழுதியிருந்தது. வேலையோடு வரிசை வீடும்.

சனிக்கிழமை காலை கோடு போட்ட பாட்டிலில் நாலும் செத்திருந்தன. கோடு போடாததில் நாலும் துறுதுறுவென்று நீந்திக்கொண்டிருந்தன. கிருபாபாய் இரண்டு பாட்டிலையும் அடுப்பு மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“வார்னிஷ்தான் வெஷம்னு நெனச்சேன்” என்றார் ஏசுரத்தினம். “செம்பு நல்லதாச்சே. செம்புக் கொடத்துல தண்ணி வெச்சிக் குடிக்கிறோமே.”

“நாம குடிக்கிறோம். அதுங்க அதுக்குள்ளயே குடியிருக்குது.”

அவர் தலையை ஆட்டினார்.

“மேட்ரன் ரூம்ல நீங்க இன்னான்னு சொன்னீங்க?” என்று கேட்டாள். “தெலுங்குல.”

“தீகெலு கட்டினேன்னு சொன்னேன்.”

“அவுரு இன்னான்னு எழுதிக்கினாரு?”

“கொடின்னு.”

“தீகென்னா கம்பி இல்லியா?”

“கம்பிக்கும் அதான். கொடிக்கும் அதான். தெலுங்குல ரெண்டுக்கும் ஒரே வார்த்த. அவுரு பாசியக் கட்டுனதா எடுத்துக்கினாரு. நான் கொடின்னு சொல்லல கிருபா.”

“கம்பின்னும் சொல்லல.”

“கேட்டாரு, சொன்னேன். அவுரு தப்பா எழுதுனா...”

“எழுதுனத பாத்தீங்களா?”

“பாத்தேன்” என்றார். “அன்னிக்கு அது பெருசா தோணல. கம்பிமேல எனக்கு சந்தேகமே இல்ல, சத்தியமா.”

“அன்னிக்கு இல்ல. சரி.”

அவளுக்கு டூட்டி மத்தியானம் இரண்டு மணிக்கு. முறத்தில் பாசியைப் பரப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் கம்பியைப் பிரித்து, ஒரு டப்பாவில் போட்டாள். கம்பி இறுக்கிய இடத்தில் தண்டு கறுத்து நசுங்கியிருந்தது. அந்த அளவுக்கு விரலால் கிள்ளி எறிந்தாள். மீதியைக் கிணற்றுத் தண்ணீரில் மூன்று தரம் அலசினாள். கொல்லையில் உடைந்து கிடந்த கூரை ஓட்டை அம்மிக் குழவியால் தட்டி, புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சில்லு எடுத்து, கூர்முனைகளைக் கருங்கல்லில் உரசி மழுக்கினாள்.

“வாழநாரு கீதே, அதுல கட்டலாமே” என்றார், எதையாவது சொல்ல வேண்டும் என்று.

“நாரு நாலு நாள்ல அழுவும். தண்ணி நாறும். வெள்ள நூலுதான். சாயம் போட்ட நூலும் ஆவாது.”

“நூலும் அழுவுமே.”

“அழுவட்டும். அதுக்குள்ள வேரு உட்டுடும். வேரு உட்டதுக்கு கட்டு எதுக்கு?”

அவள் பூக் கட்டுகிற மாதிரியே கட்டினாள். கால் கட்டைவிரலில் நூலை மாட்டி, மூன்று தண்டும் ஒரு சில்லும் சேர்த்து வைத்து, ஒரு சுற்று, ஒரு முடிச்சு, இழுத்துவிடாமல். மல்லிகை கட்டும்போது எவ்வளவு வேகமோ அதே வேகம். தாம் முப்பத்திரண்டு கட்டுக்கு எடுத்துக்கொண்ட நாள் அவருக்கு நினைவுக்கு வந்தது. இன்னொரு குண்டானில் மணல் போட்டு, இரண்டு கணு ஆழத்துக்குச் சில்லோடு புதைத்து, தண்ணீரை ஒரு தட்டின் மேல் மெல்ல ஊற்றினாள். பாசி நின்றது. தப்பிய தங்கமீனை அதில் விட்டாள். அது போய் மணலில் மூக்கை வைத்து முட்டியது. கட்டு அசைந்தது, ஏறவில்லை.

“இன்னொரு மெமோ வந்தா வூட்ட காலி பண்ணணும்” என்றார்.

“தெரியும்.”

“டாக்டரம்மா நல்லவங்கதான். மேனேஜரு கைல ஃபைலு கீது.”

“நான் உங்கள ஒண்ணும் கேக்கலியே.”

“நீ கேக்காததுதான் உறுத்துது.”

அவள் அடுத்த சில்லை எடுத்தாள். “ஆறு வருஷமா அந்த வார்டுல பீ மூத்திரம் வாரிக் கொட்டறேன். எந்தப் புள்ளைக்காவது என் கையால ஒண்ணு ஆச்சின்னு சொல்லச் சொல்லுங்க. இன்னிக்கு கை கழுவாதவன்னு பேரு. பர்மனெண்ட் ஆவலன்னா கூலிக்குப் போவேன், அது வேற. கங்கம்மா தொடப்பத்தோட நின்னுகினு, கிருபா கைய காட்டு, கழுவினியா பாப்போம்னு நேத்து கேக்கறா. புள்ளைங்கள்ளாம் சிரிக்குது.”

“நீ இன்னா சொன்ன?”

“காட்டினேன்.”

ஏசுரத்தினம் எழுந்து போய் வேதாகமத்திலிருந்து பழைய காகிதத்தை எடுத்தார். இரண்டாகக் கிழித்து அடுப்பில் போட்டார். புதுத் தாளில் தேதி போட்டார். அனுப்புநர் என்ற இடத்தில் தம் பெயரை எழுதினார். பொருள்: மீன்கள் இறந்தது பற்றி.

ஒன்று, தாங்கள் சொன்னபடி போன சனிக்கிழமை நான் பாசியைக் கட்டினேன். இரண்டு, கட்டியது மோட்டார் செம்புக் கம்பியால். இந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, கம்பி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தெலுங்கில் ராகி தீகெ, அதாவது செம்புக் கம்பி, என்றும், அதற்குப் பக்கத்தில் இங்கிலீஷில் பெரிய எழுத்திலும் எழுதினார். மூன்று, விசாரணையில் நான் சொன்னது வேறாக எழுதப்பட்டது. அதைப் பார்த்தும் நான் திருத்தவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அவருக்கு வெகுநேரமாயிற்று. நாலு, இரண்டு பாட்டில்களும் அவற்றில் கண்டதும். ஐந்து, என் மனைவி கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். நான் பார்க்கவில்லை. ஆனால் மீன் செத்தது அவள் கையால் இல்லை.

“ஆறாவது பத்தி நீ சொல்லு” என்றார்.

“எனக்கு இன்னா தெரியும் எழுத?”

“இனிமே எப்டி கட்றதுன்னு. நீ கட்டினத சொல்லு, அப்டியே எழுதறேன்.”

“ஓட்டுச் சில்லு. வெள்ள நூலு. மூணு தண்டு போதும், நாலு வெச்சா நடுவுல இருக்கறது அழுவும்.”

“எவ்ளோ எறுக்கணும்?”

“எறுக்கவே கூடாது. காம்பு நசுங்காத அளவுக்கு.”

“அளவு சொல்லணும் கிருபா. அவங்க டாக்டரு.”

“ஊசி நொழையிற எடம் வுட்டு கட்டணும்னு எழுதுங்க. டாக்டருக்கு ஊசி தெரியும்.”

அவர் எழுதினார். “அப்பறம்?”

“சுண்ணாம்பு ஒட்டுன செங்கல்லு போடக் கூடாது, தண்ணி கெட்டுடும். ஆணி, கம்பி, தகரம் ஒண்ணும் ஆவாது.” சற்று யோசித்தாள். “வேரோட கீற செடின்னா வேர மட்டும் பொதைக்கணும், குருத்து வெளில தெரியணும். அத்தயும் போடுங்க.”

ஏழாவது பத்தி இல்லை. இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். தனியாக ஒரு அரைத் தாளில் அவளுடைய ஜவாபை எழுதினார். ஒரே வரி: நான் பினாயில் கையோடு தொட்டியைத் தொடவில்லை. அதன் கீழே அவள், நாலாம் வகுப்பு வரை படித்த எழுத்தில், கிருபாபாய் என்று எழுதினாள். கடைசி எழுத்துக்கு மை தீர்ந்து, பேனாவை உதறி மறுபடி எழுதினாள்.

இரண்டையும் கவரில் போட்டார். விலாசம் எழுதினார். அவள் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் கவரை வைத்தார்.

“ஒட்டல” என்றார். “நான் எழுதுனது மேல கீது. வேணாம்னா அத்த எடுத்துட்டு உன்னுத மட்டும் அனுப்பு. வூடு ரெண்டு பேருக்கும்தான். நான் தெரிஞ்சிதான் சொல்றேன்.”

கிருபாபாய் கவரை எடுத்தாள். உள்ளே இருந்ததை வெளியே எடுக்கவில்லை. பிரித்தும் பார்க்கவில்லை. தட்டிலிருந்து நாலு பருக்கை எடுத்து, மடிப்பின் ஓரத்தில் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நசுக்கித் தேய்த்து, மூடி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். பிடித்தபடியே இடது கையால் மோர்ச் சொம்பை அவர் பக்கம் தள்ளினாள்.

“துன்னுட்டு வாங்க. நானும் அந்தப் பக்கம்தான போறேன்.”

தபாலாபீஸ் ஆசுபத்திரி கேட்டுக்கு எதிர்ப்புறம். அவர்கள் போனபோது தபால்காரர் வெங்கடசாமி பெட்டியைத் திறந்து மத்தியானத் தபாலைப் பைக்குள் சரித்துக்கொண்டிருந்தார். கிருபாபாய் கவரை நீட்டினாள்.

“வேலூரா? ரெண்டு மணி பஸ்ஸுல போவும்” என்றார் வெங்கடசாமி. கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். “இன்னாம்மா, கனமா கீது. ரெண்டு லெட்டரா?”

“ஒண்ணுதான்” என்றாள் கிருபாபாய்.

அவர் முத்திரையைக் குத்திப் பைக்குள் போட்டு, பையின் வாயை முறுக்கிக் கட்டினார்.